சொந்தக் காசில் ஒரு வானொலி

நம் வீட்டு வானொலிப் பெட்டி நம்மோடு பேசுகிறது. பாட்டுப் பாடுகிறது, செய்தி சொல்கிறது, நாடகம் நடத்துகிறது. ஆனால், நாம் அதற்கு ஒரு சொல் திருப்பிச் சொன்னால் அதன் காதில் விழுவதில்லை. அது பேசுவதற்காகவே செய்யப்பட்ட கருவி, கேட்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

இன்னொரு வகை வானொலி உண்டு. கைக்குள் அடங்கும் கருவி அது. பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம். பொத்தானை விட்டால், தொலைவில் இருப்பவர் பேசுவதைக் கேட்கலாம். 'வாக்கி-டாக்கி' என்று சொன்னால் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அதைக் 'கைவானொலி' என்று அழைத்து, அதன் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று பார்ப்போம்.

அமெரிக்க நாட்டின் தீயணைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொண்டர்கள். பகலில் விவசாயியாகவோ, கடைக்காரராகவோ, ஆலைத் தொழிலாளியாகவோ இருப்பார்கள். ஊரில் தீப்பிடித்தால், கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இத்தொண்டர்களில் பலர், தங்கள் சொந்தக் காசைக் கொடுத்துக் கைவானொலி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு தீக்குப் போயிருக்கிறார்கள். இன்றும் போகிறார்கள்.

இது பாராட்ட வேண்டிய செயலா? பரிதாபப்பட வேண்டிய செயலா? ஊருக்காக உயிரைப் பணயம் வைக்கிறவன், தன் உயிரைக் காக்கும் கருவியையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டுமா? சரி, வாங்கினான் என்றே வைத்துக்கொள்வோம். அது மட்டும் போதுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பெஞ்சமின் பிராங்கிளின் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இடிதாங்கியைக் கண்டுபிடித்த அறிஞர். அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் வாழ்ந்த பிலடெல்பியா நகரில் மரவீடுகளும் விறகு அடுப்புகளும் மிகுதி. ஒரு வீட்டில் பற்றிய தீ, தெருவையே விழுங்கிவிடும். அதனால் 1736ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அவரும் நண்பர்களுமாக ஏறத்தாழ முப்பது பேர் சேர்ந்து, 'யூனியன் தீயணைப்புக் குழு' என்ற சங்கத்தை அமைத்தார்கள்.

அச்சங்கத்தின் விதி என்ன தெரியுமா? ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொந்தச் செலவில் தோல் வாளிகளும் துணிப் பைகளும் வாங்கி, எப்போதும் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீர் கொண்டுவர. பை, எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிக் காப்பாற்ற. ஆகவே, சொந்தக் காசில் கருவி வாங்கும் வழக்கம் அந்நாட்டுத் தொண்டர் படையோடு உடன் பிறந்தது என்றே சொல்லலாம்.

ஆனால், இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்குச் சிறு தொகை அபராதம் விதித்தார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து, தண்ணீர் இறைக்கும் இயந்திரம், ஏணி, கொக்கிகள் முதலியவற்றை எல்லாருக்கும் பொதுவாக வாங்கினார்கள். ஒருவனால் முடிந்தது வாளி. அதை அவனே வாங்கினான். ஒருவனால் முடியாதது இயந்திரம். அதைக் கூடி வாங்கினார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைவானொலியின் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

அக்காலத்தில் தீயின் நடுவே எப்படிப் பேசிக்கொண்டார்கள்? கத்தித்தான் பேசினார்கள். வாய் அகன்ற ஓர் உலோகக் குழலை வாயில் வைத்து, தலைவர் கட்டளைகளைக் கூவுவார். இன்றும் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகளின் சின்னத்தில் அந்தக் குழலைக் காணலாம். ஓசையும் புகையும் நிறைந்த இடத்தில் கூவுகிற குரல் எத்தனை தூரம் போகும்? மதிலுக்கு அப்பால் நிற்பவனுக்கு எட்டாது.

தீப்பிடித்த செய்தியை ஊருக்கு அறிவிக்க, 1852ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரம் ஒரு புது வழி கண்டது. தெரு மூலைகளில் தந்திக் கம்பியோடு இணைத்த பெட்டிகளை வைத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால், எந்தத் தெருவில் தீ என்பது தலைமையிடத்துக்குத் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், செய்தி தெரு மூலை வரைக்கும்தான் வந்தது. எரியும் வீட்டுக்குள் நுழைந்தவனோடு வெளியே நிற்பவன் பேச, இன்னும் வழி பிறக்கவில்லை.

வழி பிறந்தது கம்பியில்லாத் தந்தியால். 1928ஆம் ஆண்டில், டெட்ராய்ட் நகரக் காவல்துறையினர் தங்கள் கார்களில் வானொலி வைத்து, நிலையத்திலிருந்து வரும் கட்டளைகளைக் கேட்டார்கள். நம் வீட்டுப் பெட்டியைப் போல அதுவும் ஒருவழிப் பேச்சுதான். 1933ஆம் ஆண்டில், நியூ ஜெர்சி மாநிலத்தின் பயோன் நகரக் காவல்துறை, காரிலிருந்தும் திருப்பிப் பேசக்கூடிய இருவழி வானொலியை அமைத்தது. பின்னர் தீயணைப்பு வண்டிகளிலும் வானொலி ஏறியது.

வண்டியில் ஏறிய வானொலி மனிதன் கைக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. மோட்டரோலா என்ற பெயரால் நாம் அறிந்த சிக்காகோ நிறுவனம், போர் வீரர்களுக்காக ஒரே கையில் பிடித்துப் பேசும் கருவியைச் செய்தது. அதன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். தரையில் அதன் குரல் எட்டும் தூரம் ஏறக்குறைய ஒரு மைல். முதுகில் சுமக்கும் இன்னொரு கருவியும் வந்தது. அதன் எடை சுமார் 16 கிலோ. இவையெல்லாம் கண்ணாடி வால்வுகளால் இயங்கியவை.

1947ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. நம் தோட்டங்களில் வானொலி கைக்கு அடக்கமாக வந்ததற்கு எது காரணமோ, அதுவேதான் கைவானொலியும் சிறுத்ததற்குக் காரணம். 1962ஆம் ஆண்டில், முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன ஒரு கைவானொலியை மோட்டரோலா விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதன் வடிவத்தைப் பார்த்துப் பலரும் அதைச் 'செங்கல்' என்றே அழைத்தார்கள்.

செங்கல் வந்துவிட்டது, ஆனால் எல்லார் கைக்கும் வரவில்லை. விலை அதிகம். வண்டிக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என்று வாங்கவே சிற்றூர்களின் படைகள் திணறின. வருமானத்துக்கு என்ன செய்வார்கள்? மீன் வறுத்து விற்பார்கள். கோழி வாட்டி விருந்து வைப்பார்கள். 'பிங்கோ' என்ற எண் விளையாட்டு நடத்துவார்கள். அப்படிச் சேர்த்த பணம் வண்டிக்கும் குழாய்க்குமே சரியாகப் போய்விடும்.

அப்படியானால், தீப்பிடித்த செய்தி தொண்டனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? முதலில், படை நிலையத்தின் கூரைமேல் இருந்த சங்கு ஊதும். நம் தோட்டத்துச் சங்கைப் போலவே, வயலில் இருப்பவன் காதிலும் அது விழும். ஆனால், தீ எங்கே என்று சங்குக்குச் சொல்லத் தெரியாது.

தொலைபேசி பரவிய பிறகு பல சிற்றூர்களில் ஓர் ஏற்பாடு நடந்தது. தீ அறிவிக்கும் எண்ணைக் கூப்பிட்டால், சில தொண்டர்களின் வீடுகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். அதை எடுத்துப் பேசியவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? அத்தொண்டர்களின் மனைவிமார்கள். கணவன் வேலைக்குப் போயிருப்பான்; அடுப்பில் சோறோ குழம்போ கொதிக்கும்; இடுப்பில் பிள்ளை இருக்கும். மணி அடித்ததும் அந்தப் பெண் ஓடிவந்து கேட்பாள், முகவரியைக் குறித்துக்கொள்வாள், சங்கை இயக்கும் பொத்தானை அழுத்துவாள், மற்ற தொண்டர்களைக் கூப்பிட்டுச் சொல்வாள். வரலாற்று நூல்களில் இவர்களுடைய பெயர்களை அதிகம் காண முடியாது. ஆனால், பல ஊர்களைக் காத்த முதல் குரல் அவர்களுடையது. 911 என்ற அவசர எண் 1968ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் தொடங்கி, நாடெங்கும் மெல்லப் பரவிய பின்னரே இந்த வீட்டுத் தொலைபேசி ஏற்பாடு மறைந்தது.

வீட்டு மேசைமேல் வைக்கும் ஒரு வானொலிப் பெட்டியும் வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓவர்டன் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட 'பிளெக்ட்ரான்' பெட்டி அவற்றுள் புகழ்பெற்றது. அது மற்ற நேரமெல்லாம் மௌனமாக இருக்கும். தன் படைக்குரிய இசைக்குறி வானில் வந்தால் மட்டும் வாய் திறந்து, தீ எங்கே என்று சொல்லும். 1970களில் அதையே சுருக்கி, இடுப்பில் மாட்டும் பேஜராகச் செய்தார்கள். அறுவடை வயலிலும் ஆலையிலும் செய்தி தொண்டனைத் தேடி வந்தது.

இங்கேதான் நம் கதையின் திருப்பம். பேஜர் கேட்க மட்டுமே செய்யும். திருப்பிப் பேச அதற்கு வாய் இல்லை. தொண்டன் என்ன நினைப்பான்? 'எனக்குச் செய்தி வந்தது. நான் வருகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? வீட்டிலிருந்து நேரே என் காரில் தீக்குப் போகிறேன். எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது? எந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது? புகைக்குள் நுழைந்தபின் கூரை சரிந்தால் யாரைக் கூப்பிடுவேன்? வண்டிக்கு ஒரு வானொலி. அது தலைவர் கையில். எனக்கு?'

இந்தக் கேள்வியோடு அவன் கடைக்குப் போனான். சிலர் அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் 'ஸ்கேனர்' பெட்டி வாங்கினார்கள். பழைய கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனியாக ஒரு படிகத் துண்டு வாங்கிப் பொருத்த வேண்டும். இன்னும் சிலர், பெரிய படைகள் கழித்துக் கட்டிய பழைய கைவானொலிகளை வாங்கிப் பழுது பார்த்துக்கொண்டார்கள். கையில் காசு உள்ளவர்கள் புதிதாகவே வாங்கினார்கள். பிள்ளைக்குச் சட்டை எடுக்க வைத்திருந்த பணத்தை இதற்குக் கொடுக்கும்போது, வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். வேலைக்கு வேண்டிய கருவியை யார் வாங்கித் தருவது என்பது, உழைக்கும் குடும்பங்களுக்குப் புதிய கேள்வி அல்லவே!

ஆனால், நேயர்களே, கைவானொலி வெட்டுக்கத்தியைப் போன்றதன்று. கத்தியை ஒருவன் வாங்கினால், அந்தக் கணமே அது அவனுக்குப் பயன்படும். கைவானொலி அப்படியல்ல. மறுமுனையில் கேட்கும் காது வேண்டும். இருவரும் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். அந்த அலைவரிசையில் பேச உரிமமும் வேண்டும். அமெரிக்காவில் இந்த உரிமம் தனி ஆளுக்குரியதன்று. படைக்கோ ஊராட்சிக்கோ உரியது. படை இணங்கினால்தான், தொண்டன் தன் சொந்தக் கருவியில் அந்த அலைவரிசையை ஏற்றிப் பேசலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஓர் அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். காலைப் பெரட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பெயர் சொன்னால், கிராணியின் காதில் எந்தப் பெயர் விழும்? அதுபோலத்தான் இதுவும். இருவர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால், இருவர் பேச்சும் சிதையும். ஒருவன் கருவியின் பொத்தான் எதிலோ அழுந்திக்கொண்டால், அலைவரிசையே அடைபட்டுப் போகலாம். கைவானொலிகள் பெருகப் பெருக, பேசும் ஒழுங்கும் பெருக வேண்டும். இந்தப் பாடத்தை அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் உயிர்களைக் கொடுத்துக் கற்றார்கள்.

1988ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேக்கன்சாக் நகரம். கார் விற்பனைக் கூடம் ஒன்றில் தீப்பிடித்தது. வில்லைப் போல வளைந்த மரச்சட்டங்கள் தாங்கிய கூரை அது. தீ சட்டங்களைத் தின்றது, கூரை சரிந்தது. ஐந்து தீயணைப்பாளர்கள் மாண்டார்கள். அவர்களில் இருவர் உடனே இறக்கவில்லை. கருவிகள் வைக்கும் ஒரு சிறு அறைக்குள் ஒதுங்கி, கைவானொலியில் உதவி கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் கையில் கருவி இருந்தது. அது வேலையும் செய்தது. ஆனால், எல்லாப் பேச்சும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால், களத்தில் கட்டளையிட்டவர்களுக்கு அந்தக் குரல் சரியாக எட்டவில்லை. வீடுகளில் ஸ்கேனர் பெட்டி வைத்திருந்த பொதுமக்கள் அந்தக் குரலைக் கேட்டார்கள் என்பதுதான் நெஞ்சை உருக்கும் செய்தி. ஊரார் காதில் விழுந்த அபயக்குரல், பக்கத்தில் நின்றவர் காதில் விழாமல் போயிற்று!

இதனால் நாம் அறிவது என்ன? கருவி கையில் இருப்பது பாதி. அதைக் கேட்க ஒரு காதை ஏற்பாடு செய்வது மறுபாதி.

முதல் பாதியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 காட்டியது. நியூயார்க்கின் உலக வணிக மையக் கோபுரங்கள் விமானங்களால் தாக்கப்பட்ட நாள் அது. அங்கே போனவர்கள் சம்பளம் பெறும் நகரப் படையினர். நாட்டிலேயே மிகப் பெரிய படை. காலை 9 மணி 59 நிமிடத்துக்குத் தெற்குக் கோபுரம் இடிந்தது. வடக்குக் கோபுரத்தில் இருந்த தீயணைப்பாளர்களுக்கு, 'வெளியே வாருங்கள்' என்ற கட்டளை வானொலியில் போயிற்று. அந்தக் கோபுரம் விழுந்தது 10 மணி 28 நிமிடத்துக்கு. இடையில் இருந்தவை 29 நிமிடங்கள்.

பலர் கட்டளையைக் கேட்டு இறங்கினார்கள். பலருக்கு அது கேட்கவில்லை. பின்னர் ஆராய்ந்த அரசாங்க ஆணைக்குழு, 2004ஆம் ஆண்டில் தன் அறிக்கையில் காரணங்களைக் கூறியது. அத்தனை உயரமான கட்டடத்துக்குள் கைவானொலியின் அலை சரிவரச் செல்லவில்லை. அலைவரிசையில் பேச்சு நெருக்கடி இருந்தது. சிலர் வேறு அலைவரிசையில் இருந்தார்கள். சிலர் கையில் வானொலியே இல்லை. அவர்கள் ஓய்வுநாளில் வீட்டிலிருந்து தாமாகவே ஓடிவந்தவர்கள். அன்று மாண்ட தீயணைப்பாளர்கள் 343 பேர். அவர்களுள் கட்டளையைக் கேட்டும், மற்றவர்களை விட்டுவர மனமில்லாமல் நின்றவர்களும் உண்டு.

மாநகரத்திலேயே இந்த நிலை என்றால், சிற்றூரில் எப்படி இருந்திருக்கும்? 2001ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த ஒரு நாடளாவிய கணக்கெடுப்பு அதைச் சொன்னது. ஒரு வேளையில் பணிக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான், படைகளிடம் கைவானொலி இருந்தது. மற்ற பாதிப்பேர் காதும் வாயும் இல்லாமல் புகைக்குள் போனார்கள். இப்போது சொல்லுங்கள்: சொந்தக் காசில் வானொலி வாங்கிய தொண்டனைக் குறை சொல்ல முடியுமா?

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. தீயணைப்புப் படைகளுக்கு நேரடியாக மானியம் வழங்கும் திட்டத்துக்கு, அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. 2001 முதல் பணம் வழங்கப்பட்டது. அந்த மானியத்தால் பல படைகள் கைவானொலி வாங்கின. களத்துப் பேச்சுக்குத் தனி அலைவரிசை வேண்டும் என்பதும், உள்ளே போகிறவர் ஒவ்வொருவருக்கும் கைவானொலி வேண்டும் என்பதும், ஆபத்தில் சிக்கியவர் 'மேடே' என்று அழைத்தால் மற்றெல்லாப் பேச்சும் நிற்க வேண்டும் என்பதும் பயிற்சிகளில் வற்புறுத்தப்பட்டன.

ஆனாலும், சொந்தமாக வாங்கியவர்களுக்குப் புது இடையூறுகள் வந்தன. வானத்தில் அலைவரிசைகளுக்கு இடம் போதவில்லை. ஒரு பாத்தியை இரண்டு பாத்தியாகப் பிரிப்பது போல, ஓர் அலைவரிசையின் அகலத்தைப் பாதியாகக் குறைக்க அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கு விதித்த கெடு 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். புதிய அளவுக்கு மாற்ற முடியாத பழைய கருவிகளை அதன்பின் பயன்படுத்தக்கூடாது. பழுது பார்த்துப் பழுது பார்த்து வைத்திருந்த எத்தனையோ 'செங்கற்கள்' அன்று அலமாரிக்குப் போயின. படையின் கருவியை மாற்ற மானியம் கேட்கலாம். தொண்டனின் சொந்தக் கருவியை மாற்ற யாரிடம் கேட்பது?

அதே காலத்தில், சீனாவில் செய்யப்பட்ட மலிவான கைவானொலிகள் சந்தைக்கு வந்தன. 50 அமெரிக்க டாலருக்கும் குறைந்த விலை! படைகள் வாங்கும் உயர்ந்த ரகக் கருவி ஒன்றின் விலையோ பல ஆயிரம் டாலர். தொண்டன் எதை வாங்குவான்? மலிவானதை வாங்கினான். அதில் அவனுக்கு நன்மையும் கிடைத்தது. ஊரில் என்ன நடக்கிறது என்று கேட்க முடிந்தது. ஆனால், தீக்குள் கொண்டுபோகும் கருவிக்கு வேறு இலக்கணம் உண்டு. வெப்பத்தைத் தாங்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் நனைந்தாலும் பேச வேண்டும். கீழே விழுந்தாலும் உடையக்கூடாது. எரிவாயு கசிந்த இடத்தில் அதிலிருந்து பொறி பறக்கக்கூடாது. தடித்த கையுறை போட்ட விரலுக்கும் பொத்தான் அகப்பட வேண்டும். மலிவான கருவிகள் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டவையல்ல.

அதுமட்டுமா? பல மாநிலங்களில் படைகள் எண்முறைப் பேச்சுக்கு மாறிவிட்டன. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறை அது. அங்கே பழைய முறைக் கருவிக்குப் பேச்சு புரியாது. வெறும் இரைச்சல்தான் கேட்கும். அயலூர்ப் படை புதிய முறைக்கு மாறி, நம் ஊர்ப் படை பழைய முறையில் இருந்தால், ஒரே தீயில் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் பேசிக்கொள்ள முடியாது.

இப்படிப்பட்ட நிலையில் படைத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? சில படைகள் சொந்தக் கருவியை அடியோடு தடுத்தன. சில படைகள், 'கேட்கலாம், பேசக்கூடாது' என்று விதி வைத்தன. இன்னும் சில படைகள் நல்லதொரு வழியைக் கண்டன. தொண்டன் எந்த வகைக் கருவி வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்வது. வாங்கிய கருவியில் படையே அலைவரிசைகளை ஏற்றித் தருவது. யாரிடம் எந்தக் கருவி இருக்கிறது என்று பதிவு செய்வது. மற்றவர்களோடு சேர்த்தே அவனுக்கும் பயிற்சி தருவது. இம்மூன்றில் கடைசி வழிதான் பிராங்கிளின் காலத்து விதியோடு ஒத்துப்போகிறது. சொந்தப் பொருள்தான், ஆனால் பொது ஒழுங்குக்கு உட்பட்ட பொருள்.

அன்புள்ள நேயர்களே, நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தன் உயிர் காக்கும் கருவியைத் தொண்டனே வாங்க வேண்டுமா?

அவனுடைய அவசரம் நியாயமானது. மானியம் வரும் என்று காத்திருந்தால் தீ காத்திருக்காது. 'தன் கையே தனக்கு உதவி' என்று அவன் புறப்பட்டதில் குற்றமில்லை. ஆனால், அவன் வாங்கினான் என்பதைக் காரணமாகக் காட்டி, ஊரும் அரசாங்கமும் தங்கள் கடமையிலிருந்து விலகிக்கொள்ளக்கூடாது. ஒருவன் பணத்தால் ஒரு வானொலி வாங்கலாம். கோபுரத்தின் உச்சிக்கும் அலையைக் கொண்டுசேர்க்கும் நிலையத்தை அவன் வாங்க முடியாது. அவன் குரலைக் கேட்க, இரவும் பகலும் விழித்திருக்கும் ஓர் ஆளை அவன் அமர்த்த முடியாது. அயலூர்ப் படையையும் தன் ஊர்ப் படையையும் ஒரே அலைவரிசைக்குக் கொண்டுவர அவனால் முடியாது. இவையெல்லாம் கூடிச் செய்ய வேண்டியவை. 'ஊர் கூடித் தேர் இழு' என்று நம் பெரியவர்கள் சொன்னது வீணுக்கல்ல.

1736ஆம் ஆண்டின் அந்தத் தோல் வாளியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வாளி ஒருவனுடையதுதான். ஆனால், கிணற்றிலிருந்து தீ வரைக்கும் மனிதர்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை அதை மாற்றிய பிறகே அது தீயை அணைத்தது. வரிசையில் ஓர் ஆள் இல்லாமல் போனால், தண்ணீர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கைவானொலியும் ஒரு வாளிதான். அதில் நிரம்பியிருப்பது தண்ணீரல்ல. ஒரு மனிதனின் குரல். 'நான் இங்கே இருக்கிறேன், வாருங்கள்' என்ற குரல். அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்ள மறுபுறம் ஒருவர் நிற்க வேண்டும்.

அடுத்த முறை சாலையில் தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு போவதைப் பார்த்தால், உள்ளே அமர்ந்திருப்பவர்களின் தோளைக் கவனியுங்கள். அங்கே ஒரு சிறு கருவி தொங்கும். அதன் பின்னால் இத்தனை நீண்ட கதை இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.